பெரோலினா சிப்பாய் தவறாக நகர்கிறது: ஞாயிற்றுக்கிழமைக்குள் உதவி தேவை

முத்தியால்பேட்டை மாணவர்:
அனைவருக்கும் வணக்கம். வரும் ஞாயிற்றுக்கிழமை கடலூரில் நடக்கும் சிறுவர் சதுரங்க வகுப்பில் பெரோலினா சிப்பாயைக் கணினியில் ஆடிக் காட்டுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். விதிகளை எழுதி முடித்து, சதுரங்கம் ஆடும் நிரலான இன்ஜினைத் தன்னோடு தானே நாற்பது ஆட்டங்கள் ஆடவிட்டேன். ஒன்றுகூட நடுவில் நிற்கவில்லை. ஆனால் நேற்றிரவு நானே எதிரில் உட்கார்ந்து ஆடியபோது, சிப்பாய் போகக்கூடாத கட்டத்துக்குப் போய்விட்டது. பிழை எங்கே இருக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மஞ்சக்குப்பம் பயிற்சியாளர்:
தம்பி, எந்த இன்ஜின்? எந்தக் கட்டத்திலிருந்து எந்தக் கட்டத்துக்குப் போனது? அப்போது சுற்றிலும் என்னென்ன காய்கள் இருந்தன? இவை தெரியாமல் யாராலும் பதில் சொல்ல முடியாது. இந்தச் சிப்பாயை அறியாதவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். வழக்கமான சிப்பாய் நேராக நகர்ந்து குறுக்காக வெட்டும். 1926இல் எட்மண்ட் நெபர்மன் உருவாக்கிய பெரோலினா சிப்பாய் குறுக்காக நகர்ந்து நேராக வெட்டும். தொடக்க வரிசையில் இருக்கும்போது குறுக்காகவே இரண்டு கட்டமும் போகலாம்.

நெல்லித்தோப்பு:
எனக்கு இதில் சந்தேகமே இல்லை. வழக்கமான சதுரங்கத்துக்காகப் பயிற்றுவித்த நரம்பு வலைக் கோப்பை நீங்கள் அப்படியே விட்டிருப்பீர்கள். அதை நீக்கிவிட்டுப் பாருங்கள்; எல்லாம் சரியாகிவிடும்.

திருப்பாதிரிப்புலியூர்:
நரம்பு வலை ஒரு நிலையின் மதிப்பைச் சொல்லுமே தவிர, எந்த நகர்வு செல்லும், எது செல்லாது என்பதை அது தீர்மானிப்பதில்லை. கேள்வி கேட்டவருக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. தன்னோடு தானே ஆடும் ஆட்டத்தில் இரு பக்கமும் ஒரே தவறான விதியைத்தான் பின்பற்றும் என்பதால், நாற்பது ஆட்டம் அல்ல, நாலாயிரம் ஆட்டம் ஆடினாலும் பிழை வெளியே வராது. ஒரு நிலையிலிருந்து குறிப்பிட்ட ஆழம் வரை, அதாவது அத்தனை நகர்வுகள் வரை, எத்தனை நகர்வுத் தொடர்கள் செல்லும் என்று எண்ணும் பெர்ஃப்ட் என்ற சோதனையையாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? இதெல்லாம் அரிச்சுவடி. அதைப் படிக்காமல் விதிகளை எழுத உட்காரக் கூடாது.

முத்தியால்பேட்டை மாணவர்:
மன்னிக்கவும் ஐயா, விவரங்களை விட்டுவிட்டேன். இன்ஜின், நாமே எழுதிக்கொடுக்கும் காய்களையும் விதிகளையும் ஆடும் ஃபேரி ஸ்டாக்ஃபிஷ். பெர்ஃப்ட் பார்த்திருக்கிறேன். ஆழம் 1இல் 30 வருகிறது. ஒரு கட்ட நகர்வு 14, இரண்டு கட்ட நகர்வு 12, குதிரைகளுக்கு 4 என்று கையால் எண்ணினாலும் அதே 30தான். ஆழம் 2இல் 900. விதிக் கோப்பைச் சரிபார்க்கும் கட்டளையும் பிழை எதையும் காட்டவில்லை. என் குதிரை எஃப்3இல் இருந்தபோது, இ2இல் இருந்த சிப்பாய் ஜி4க்குப் போனது.

நெல்லித்தோப்பு:
அப்படியானால் பலகையைக் காட்டும் செயலிதான் காரணம். அவற்றில் சில தமக்கென்று தனியாக விதிகளை வைத்திருக்கும்.

மஞ்சக்குப்பம் பயிற்சியாளர்:
அது நடக்கக்கூடியதுதான், ஆகவே பலகைச் செயலியை மூடிவிட்டுக் கட்டளைச் சாளரத்திலேயே பாருங்கள். ஆனால் 30, 900 என்ற எண்களைக் கண்டு மனநிறைவு கொள்ளாதீர்கள் தம்பி. தொடக்க நிலையில் மூன்றாம் வரிசை முழுவதும் காலியாக இருப்பதால், சிப்பாய் தாவுகிறதா, வழியில் தடைபட்டு நிற்கிறதா என்று அந்த எண்கள் காட்டவே மாட்டா. வழக்கமான சதுரங்கத்திலும் இதே கதைதான்: 20, 400, 8902, 197281 என்று ஆழம் 4 வரை எல்லாம் பொருந்திய பிறகும், இரண்டு கட்டம் போன சிப்பாயை அது கடந்த கட்டத்தில் வைத்து வெட்டும் ஆன்பாசான் விதி அறவே இல்லாமல் இருக்கலாம், ஏனென்றால் ஆழம் 5இல் உள்ள 4865609 நகர்வுத் தொடர்களில்தான் அது முதன்முதலாக, 258 முறை தலைகாட்டுகிறது.

ஆகவே நிலையை நாமே அமைக்க வேண்டும். வெள்ளை ராஜா ஏ1, சிப்பாய் இ2, குதிரை எஃப்3, கறுப்பு ராஜா ஏ8 ஆகியவற்றை மட்டும் வைத்து, வெள்ளையின் முறையில் ஆழம் 1 பாருங்கள். ராஜாவுக்கு 3, குதிரைக்கு 8, சிப்பாய்க்கு டி3, சி4 என்று 2, ஆக 13 வர வேண்டும். ஜி4உம் சேர்ந்து 14 வந்தால் சிப்பாய் தாவுகிறது என்று பொருள். காயை வரையறுத்த வரியையும் இங்கே எழுதுங்கள். முதலிலேயே கேட்டிருக்க வேண்டியது அதுதான்.

முத்தியால்பேட்டை மாணவர்:
14 வருகிறது. வரி இதுதான்: நகர எம் எஃப் எஃப் (வெட்டாமல், முன்னோக்கி, குறுக்காக ஒரு கட்டம்), வெட்ட சி எஃப் டபிள்யூ (வெட்டி, முன்னோக்கி, நேராக ஒரு கட்டம்), தொடக்க நகர்வுக்கு ஐ எம் எஃப் ஏ (ஏ என்பது குறுக்காக இரண்டு கட்டம்).

நெல்லித்தோப்பு:
காய்களின் நடையை எழுத்துகளால் குறிக்கும் ரால்ஃப் பெட்சாவின் இந்தக் குறியீட்டில் ஏ என்பது அல்ஃபில், அதாவது அரபியில் யானை. சிறுவர்களிடம் "யானையின் பாய்ச்சல்" என்று சொல்லிவிடாதீர்கள். நம் பக்கத்தில் மூலையில் நிற்கும் காய்தான் யானை. அது நேராகப் போவது.

திருப்பாதிரிப்புலியூர்:
மூலையில் நிற்பது கோட்டை. யானை என்பது வீட்டு வழக்கு. போட்டிக்கு வருபவர்கள் அப்படிச் சொல்லக் கூடாது.

நெல்லித்தோப்பு:
என் தாத்தா திண்ணையில் ஆடிய காலத்திலிருந்து அது யானைதான். குழந்தைகளுக்குப் புரிகிற சொல்லை ஏன் விட வேண்டும்?

மஞ்சக்குப்பம் பயிற்சியாளர்:
என் வகுப்பில் இரண்டு பெயர்களும் புழங்குகின்றன. ஆனால் இந்த யானைப் பேச்சிலேயே விடையும் இருக்கிறது. சதுரங்கத்தின் பழைய பாரசீக வடிவமான ஷத்ரஞ்சில் யானை குறுக்காக இரண்டு கட்டம் போகும். இடையில் எது நின்றாலும் தாவிவிடும். சீனச் சதுரங்கத்தின் யானையும் அதே இரண்டு கட்டம்தான் போகிறது, ஆனால் இடைக்கட்டத்தில் ஒரு காய் இருந்தால் அதனால் போக முடியாது. தம்பி எழுதிய ஏ, ஷத்ரஞ்சு யானை. பெரோலினாவுக்கு வேண்டியது சீன யானையின் நடை. ஏ என்பதற்கு முன்னால் சிறிய என் எழுத்தைச் சேருங்கள், தாவுவது நின்றுவிடும். கோப்பைச் சரிபார்க்கும் கட்டளை இதைப் பிழை என்று சொல்லாததும் இயல்பே, ஏனென்றால் தாவும் சிப்பாயும் எழுத்திலக்கணப்படி செல்லுபடியாகும் ஒரு காய்தான்.

திருப்பாதிரிப்புலியூர்:
நான் இதைச் சொல்ல வந்தேன்.

முத்தியால்பேட்டை மாணவர்:
13 வருகிறது. மிக்க நன்றி ஐயா. வகுப்புக்குக் கிளம்புகிறேன்.

மஞ்சக்குப்பம் பயிற்சியாளர்:
தம்பி, கிளம்பும் முன் இதையும் பார்த்துவிடுங்கள். வெட்டும் பகுதியில் சி எஃப் டபிள்யூ என்று மட்டுமே எழுதியிருக்கிறீர்கள். டபிள்யூவுக்கு முன் இ என்ற எழுத்தைக் காணவில்லை. அது இல்லாவிட்டால் ஆன்பாசான் நடக்காது. வெள்ளைச் சிப்பாயை இ2இலும் கறுப்புச் சிப்பாயை டி4இலும் வைத்து, இ2இலிருந்து சி4க்கு நகர்த்துங்கள். அது டி3ஐக் கடந்து போவதால், கறுப்பின் பட்டியலில் டி4இலிருந்து டி3க்குப் போகும் நகர்வு இருந்தாக வேண்டும். இந்தச் சிப்பாய் வெட்டாமல் நேராக நகராது என்பதால், அந்த ஒரு நகர்வு பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்தாலே போதும். மேலும், உருமாறும் சிப்பாய் எது, ஆன்பாசானுக்கு உரிய காய் எது என்று தனித்தனி வரிகளில் அறிவித்திருக்கிறீர்களா?

மஞ்சக்குப்பம் பயிற்சியாளர்:
தம்பி, இதைப் பார்த்தீர்களா? வகுப்பு பத்து மணிக்குத்தானே?