ஒரே கணினியைப் பலர் பகிரும் வகுப்பு: கிட் எப்படி அமைத்துக் கொடுப்பது?

மண்டபம் டீச்சர் (கேள்வி)

வணக்கம். மண்டபம் பக்கத்தில் ஒரு மீனவர் குடியிருப்பில் மாலைநேரக் கணினி வகுப்பு நடத்துகிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் பி.சி.ஏ., பாலிடெக்னிக் பிள்ளைகள். எட்டு கணினிகள். ஐந்தில் விண்டோஸ் 10, 4 ஜிபி ரேம். மூன்று பழையவை, விண்டோஸ் 7, 2 ஜிபி. இது போக அக்கா, அண்ணனுக்கு அரசு கொடுத்த இலவச லேப்டாப்பைச் சிலர் தூக்கிக்கொண்டு வருவார்கள். யாருக்கு எந்தக் கணினி என்று கிடையாது, காலியாக இருப்பதில் உட்கார வேண்டியதுதான்.

இப்போதைக்கு டெஸ்க்டாப்பில் ஃபோல்டர் போட்டுச் சேமிக்கிறார்கள். உள்ளே பார்த்தால் நண்டு, நண்டு2, நண்டு ஃபைனல், நண்டு ஃபைனல் புதுசு என்று வரிசையாக நிற்கும். ஒரு பிள்ளையின் அம்மா கரையில் நண்டு வாங்கி கம்பெனிக்கு எடை போடுகிறவர். எடை வாரியாகத் தரம் பிரித்து, கொடுத்த முன்பணத்தைக் கழித்து, வாரக் கடைசியில் யாருக்கு எவ்வளவு பாக்கி என்று சொல்லும் புரோகிராமை அவள் பைத்தானில் எழுதினாள். அம்மா நிஜமாகவே அதைப் பயன்படுத்த ஆரம்பித்திருந்தார். இன்னொரு பையன் அதே கணினியில் அதே பெயரில் தன் கோப்பைச் சேமித்துவிட்டான். பென்டிரைவில் இருந்தது ரொம்பப் பழசு. அதற்கப்புறம் அவள் வகுப்புக்கே வரவில்லை, வீட்டுக்குப் போய்ப் பேசித்தான் கூட்டி வந்தேன்.

இனி இப்படி நடக்கக் கூடாது. கோப்பில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் வரலாறாகச் சேமித்து வைக்கும் கிட் (Git) மென்பொருளைச் சொல்லிக்கொடுக்கலாம் என்று முடிவு செய்துவிட்டேன். நெட் என்று இருப்பது என் கைபேசி ஹாட்ஸ்பாட் மட்டும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் அதுவும் போகும், கரண்ட்டும் போகும். யுபிஎஸ் ஒன்றே ஒன்று. எதில் ஆரம்பிப்பது, எந்த எடிட்டர் போடுவது, பொதுக் கணினியில் ஆளுக்கு ஆள் பெயர் எப்படிப் பிரிப்பது என்று அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

சென்னை டெவலப்பர்

எதையும் இன்ஸ்டால் செய்யவே வேண்டாம். கிட்ஹப் கோட்ஸ்பேஸஸ் பிரவுசரிலேயே ஓடும். தனிநபர் கணக்குக்கு மாதம் 120 கோர்-மணி இலவசம். 2 கோர் எந்திரம் எடுத்தால் 60 மணி நேரம் வரும், மாணவர்களுக்குத் தாராளம்.

மண்டபம் டீச்சர்

நன்றி சார். எட்டு பிரவுசரும் ஒரு ஹாட்ஸ்பாட்டில் தொங்கினால் யாருக்கும் எதுவும் வராது. நெட் இல்லாத அன்றைக்கும் வகுப்பு நடக்க வேண்டும்.

தொண்டி லேப்காரன்

டீச்சர், நானும் இதே கடற்கரையில் ஒரு லேப்பைப் பார்த்துக்கொள்கிறவன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதல் சில மாதம் கிட்ஹப் பக்கமே போகாதீர்கள். கிட் வேறு, கிட்ஹப் வேறு. கிட் நம் கணினியில் ஓடுவது, கிட்ஹப் அந்த வேலையை நெட்டில் வைக்கும் தளம். 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்காக கிட்டை எழுதியபோது கிட்ஹப் கிடையாது, அது 2008-இல் வந்தது. கெர்னல் எழுதுகிறவர்கள் உலகம் பூராவும் சிதறி உட்கார்ந்து, தன் கணினியிலேயே கமிட் போட்டு (செய்த மாற்றத்தை ஒரு குறிப்போடு பதிவு செய்து), திருத்தங்களை மின்னஞ்சலில் அனுப்பிக்கொண்டவர்கள். அதனால்தான் ஒவ்வொரு நகலிலும் முழு வரலாறும் இருக்கிறது. கமிட், லாக் (வரலாறு பார்ப்பது), டிஃப் (என்ன மாறியது என்று பார்ப்பது), பிராஞ்ச் (தனிக் கிளையில் எழுதுவது) எதற்கும் நெட் வேண்டாம். நம்ம ஊருக்கென்றே செய்தது போல இருக்கும்.

பழைய மூன்று கணினிகளை முதலில் முடித்துவிடுவோம். விண்டோஸ் 7-க்கு வி.எஸ்.கோட் எடிட்டர் 1.70.3-உடன் நின்றுவிட்டது, பைத்தான் 3.8-உடன், கிட் 2.46.2-உடன். தேடிப் பிடித்துப் போடலாம், ஆனால் 2 ஜிபியில் வி.எஸ்.கோட் திறந்து முடிப்பதற்குள் பிள்ளைக்கு எழுத வந்ததே மறந்துபோகும். விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ (Linux Mint Xfce) போட்டுவிடுங்கள், 2 ஜிபியில் ஓடும். எடிட்டருக்கு ஜீனி போதும். ரேம் 4 ஆக்க முடிந்தால் ஆக்குங்கள். ஆன் ஆகாமல் பீப் அடித்தால் உடனே போர்டு போச்சு என்று கடைக்குத் தூக்க வேண்டாம். உப்புக் காற்றில் ரேமின் தங்கக் கால்கள் கறுத்திருக்கும். கழற்றி அழிரப்பரால் தேய்த்துப் போட்டால் பாதிக்கு மேல் எழுந்துவிடும்.

மற்ற ஐந்திலும் வி.எஸ்.கோடின் ஜிப் பதிப்பை இறக்குங்கள். விரித்த ஃபோல்டருக்குள் டேட்டா என்று ஒரு ஃபோல்டர் போட்டால் செட்டிங், எக்ஸ்டென்ஷன் எல்லாம் அதற்குள்ளேயே தங்கும். ஒரு கணினியில் சரி செய்து, அந்த ஃபோல்டரை அப்படியே மற்ற நான்குக்கும் காப்பி அடியுங்கள். எக்ஸ்டென்ஷனுக்காக ஒவ்வொன்றிலும் நெட்டைத் தின்ன வேண்டாம்.

இப்போது நீங்கள் கேட்ட பெயர்ப் பிரச்சினை. இதில்தான் எல்லா லேப்பும் வழுக்கும். வீடியோக்களில் எல்லாம் கான்ஃபிக் குளோபல் (git config --global) என்று போட்டுப் பெயரும் மின்னஞ்சலும் கொடுக்கச் சொல்வார்கள். பொதுக் கணினியில் அதைச் செய்தால் அப்புறம் உட்காருகிற ஒவ்வொருவரின் கமிட்டும் முதலில் உட்கார்ந்தவர் பெயரில் விழும். அதற்குப் பதில் கணினி முழுமைக்கும் யூசர் டாட் யூஸ்கான்ஃபிக்ஒன்லி (user.useConfigOnly) என்பதை ட்ரூ ஆக்கிவிடுங்கள், குளோபலில் பெயரே வைக்காதீர்கள். அப்போது ரெப்போவுக்குள் (கிட் வரலாறு வைத்திருக்கும் புரோகிராம் ஃபோல்டருக்குள்) பெயர் கொடுக்காதவரைக்கும் கிட் கமிட்டையே ஏற்காது. பிள்ளை தன் ரெப்போவுக்குள் போய் குளோபல் இல்லாமல் ஒவ்வொரு புது நகலிலும் ஒரு முறை பெயரும் மின்னஞ்சலும் கொடுத்தால் போதும்.

அதே கையோடு இன்னும் மூன்று. விண்டோஸ் கணினிகளில் கோர் டாட் எடிட்டரை (core.editor) நோட்பேட் ஆக்குங்கள், இல்லையென்றால் கமிட் கட்டளையில் செய்திக்கான எம் (-m) விட்டுப்போன பிள்ளை விம் என்ற எடிட்டர் திரையில் மாட்டிக்கொண்டு வெளியே வரத் தெரியாமல் கணினியையே அணைக்கும். இனிட் டாட் டிஃபால்ட்பிராஞ்சை (init.defaultBranch) மெயின் ஆக்குங்கள், முதன்மைக் கிளையின் பெயர் அது. கோர் டாட் கோட்பாத்தை (core.quotepath) ஃபால்ஸ் ஆக்குங்கள். இந்தக் கடைசி நமக்கு ரொம்ப முக்கியம். அது இல்லாவிட்டால் தமிழில் பெயர் வைத்த கோப்பு கிட் ஸ்டேட்டஸில் 340, 256 என்று வெறும் எண்களாக வரும், கோப்பு கெட்டுப்போச்சு என்று பிள்ளைகள் பயந்துவிடுவார்கள். கமிட் செய்தியைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். 'முன்பணம் கழிப்பது சரி செய்தேன்' என்று எழுதுகிற பிள்ளை என்ன செய்தோம் என்று ஒரு நிமிடம் யோசிக்கிறது. ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் எல்லாரும் அப்டேட் என்று எழுதுவார்கள்.

அடுத்தது, சேர்த்து வைக்கிற இடம். யுபிஎஸ் இருக்கும் கணினியில் ஒரு ஷேர் ஃபோல்டர் திறந்து, அதில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வெற்று ரெப்போ (bare, வரலாறு மட்டும் இருப்பது) போடுங்கள், அதாவது git init --bare. ஒரு ஸ்விட்ச், கொஞ்சம் லேன் கேபிள், செலவு அவ்வளவுதான். வந்ததும் எந்தக் கணினியிலும் குளோன் (அதிலிருந்து நகல் எடுப்பது), போகும் முன் புஷ் (கமிட்களை அதற்குத் திருப்பி அனுப்புவது). போகும் முன் என்றால் கண்டிப்பாகப் போகும் முன். நான் புஷ் ஆனதைப் பார்த்துவிட்டுத்தான் வருகைப் பதிவேட்டில் கையெழுத்தே வாங்குகிறேன். கமிட் ஓடும்போது கரண்ட் போனால் அந்தக் கணினியில் கிட் தன் வரலாற்றை வைக்கும் ஆப்ஜெக்ட் கோப்பு காலியாக நிற்கலாம். அதை ரிப்பேர் பார்க்க உட்காராமல், எழுதிக்கொண்டிருந்த கோப்புகளை மட்டும் தனியே எடுத்து வைத்துவிட்டு, வெற்று ரெப்போவிலிருந்து புதிதாகக் குளோன் எடுத்தால் வேலை முடிந்தது.

ஷேர் ஃபோல்டரிலும் பென்டிரைவிலும் டூபியஸ் ஓனர்ஷிப் (dubious ownership, ஃபோல்டர் யாருடையது என்ற சந்தேகம்) என்று ஒரு பிழை வரும். 2022 ஏப்ரலில் பாதுகாப்புக்காகச் சேர்த்தது. பழைய வீடியோக்களில் இருக்காது, அதனால் நம் அமைப்பில்தான் ஏதோ கோளாறு என்று தோன்றும். பிழைச் செய்தியிலேயே சேஃப் டாட் டைரக்டரி (safe.directory) என்று ஒரு கட்டளை தந்திருக்கும், அதை அப்படியே ஓட்டினால் சரியாகிவிடும்.

வீட்டுக்கு எடுத்துப் போகிறவர்களுக்கு கிட் பண்டில் (git bundle) கட்டளை. முழு ரெப்போவும் ஒரே கோப்பாக வந்துவிடும். இந்த மாதிரிப் பயிற்சிப் புரோகிராம் என்றால் சில கேபிதான் இருக்கும், வாட்ஸ்ஆப்பில் டாக்குமென்டாக அனுப்பி வீட்டு லேப்டாப்பில் குளோன் செய்துகொள்ளலாம். வீட்டு லேப்டாப் லினக்ஸ் என்றால் வரி முடிவு மாறி, ஒரு எழுத்து மாற்றினால் கோப்பு முழுக்கச் சிவப்பாகத் தெரியும் தொல்லை உண்டு. ரெப்போவில் கிட்ஆட்ரிபியூட்ஸ் (.gitattributes) கோப்பு வைத்து டெக்ஸ்ட் ஆட்டோ (* text=auto) வரி ஒன்று போட்டால் தீரும். கிட் சேமிக்க வேண்டாதவற்றைப் பட்டியலிடும் கிட்இக்னோர் (.gitignore) கோப்பில் ஈஎக்ஸ்இ, ஓபிஜே, பைகேஷ் (__pycache__) என்று போடுங்கள்.

பழைய சி மொழிக் கருவியான டர்போ சி கேட்கிற காலேஜ் பிள்ளைகள் உங்களிடமும் இருப்பார்கள். பரீட்சைக்கு அது வேண்டும் என்றால் பழைய டாஸ் புரோகிராமை ஓட்டும் டாஸ்பாக்ஸில் இருக்கட்டும். ஆனால் எழுதிப் பழகுவது கோட்பிளாக்ஸில் இருக்கட்டும். டர்போ சி-யில் முழு எண்ணுக்கான இன்ட் (int) 16 பிட், 32,767-க்கு மேல் போனால் மைனஸில் திரும்பும். நண்டு வியாபாரத்தின் வாரக் கணக்கு அந்தத் தொகையைச் சாதாரணமாகத் தாண்டும்.

பெரியபட்டினத்துப் பெண், இப்போது சென்னையில் வேலை

டீச்சர், நானும் இந்த மாதிரி ஒரு மாலை வகுப்பில் படித்து வந்தவள்தான். தொண்டி அண்ணன் சொன்னதில் ஒன்றே ஒன்றில் எனக்கு உடன்பாடில்லை. கிட்ஹப்பைக் கடைசி வருடம் வரை தள்ளிப் போட்டுவிடாதீர்கள். நேர்முகத்தில் கிட்ஹப் இருக்கா என்று என்னைக் கேட்டார்கள். ஒரு வருடமாகச் சேர்ந்த கமிட்களும், முந்தின ராத்திரி மொத்தமாகக் கொட்டியதும் பார்க்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும்.

கணக்குத் திறக்கும்போது இரண்டு விஷயம். 2021 ஆகஸ்ட் 13 முதல் கட்டளை வரியில் கிட்ஹப் பாஸ்வேர்டு செல்லாது, டோக்கன் அல்லது எஸ்எஸ்எச் சாவி வேண்டும். விண்டோஸ் கிட் அந்த டோக்கனைச் சேமித்து வைத்துக்கொள்ளும், அப்புறம் உட்காருகிற பையன் புஷ் செய்தால் முதல் பிள்ளையின் கணக்கில் போய் முட்டி 403 என்ற அனுமதி மறுப்போடு திரும்பும். அதனால் பிள்ளைகள் லேப்பிலிருந்து நேரடியாகப் புஷ் செய்ய வேண்டாம், வீட்டு லேப்டாப்பிலிருந்து செய்யட்டும். வீட்டில் லேப்டாப் இல்லாதவர்களுக்கு மட்டும் உங்கள் கணினியில் தனி விண்டோஸ் யூசர் போட்டுக் கொடுங்கள்.

இன்னொன்று இரண்டு கட்டச் சரிபார்ப்பு. 2023 முதல் கிட்ஹப் அதைப் படிப்படியாகக் கட்டாயமாக்கி வருகிறது. நம் பக்கத்தில் பல வீட்டில் ஸ்மார்ட்போன் அப்பாவுடையது. அப்பா கடலுக்குப் போன ராத்திரி போனும் கடலில்தான் இருக்கும், பிள்ளை இங்கே ஆறு இலக்க எண்ணுக்குக் காத்திருக்கும். கணக்குத் திறக்கிற அன்றைக்கே மீட்புக் குறியீடுகளைப் பேப்பரில் எழுதி ரேஷன் கார்டு இருக்கும் பையில் வைக்கச் சொல்லுங்கள். போன் தண்ணீரில் விழுந்தாலும் கணக்கு பிழைக்கும்.

மண்டபம் டீச்சர்

அண்ணே, தங்கச்சி, இரண்டு பேருக்கும் நன்றி. ரேஷன் கார்டுப் பை எனக்குத் தோன்றியே இருக்காது. மின்ட் ஒரு கணினியில் ஏறிவிட்டது. ரேமைத் தேய்த்ததில் மூலையில் கிடந்த இன்னொன்றும் எழுந்து, இப்போது ஒன்பது.

நண்டுக் கணக்கை எழுதிய பிள்ளையும் அதன் மேல் சேமித்த பையனும் இப்போது அதைச் சேர்ந்து எழுதுகிறோம் என்கிறார்கள். இரண்டு பேரும் ஒரே ரெப்போவில் புஷ் செய்தால் மோதுமே, பிராஞ்ச் இப்பவே சொல்லிக்கொடுக்கவா?

தொண்டி லேப்காரன்

இப்போது வேண்டாம் டீச்சர். முதலில் ஒரே மெயினில் மோதவிடுங்கள். எடை விலை இருக்கும் அதே வரியை அவள் ஒரு மாதிரியும் அவன் வேறு மாதிரியும் மாற்றட்டும். இரண்டாவதாகப் புஷ் செய்கிறவருக்கு மறுப்பு வரும். புல் செய்தால் (முதலில் அனுப்பியவரின் மாற்றத்தை இறக்கிச் சேர்த்தால்) மோதல் வரும், கோப்புக்குள் அம்புக்குறிகளுக்கு நடுவில் இரண்டு பேர் எழுதியதும் நிற்கும். எது சரியான விலை என்று கிட்டுக்குத் தெரியாது, அவளுடைய அம்மாவுக்குத்தான் தெரியும். கேட்டு, ஒன்றை வைத்து, அம்புக்குறிகளை அழித்து, ஆட், கமிட், புஷ். நடுவில் குழம்பினால் மெர்ஜ் அபார்ட் (git merge --abort) போட்டால் புல் செய்வதற்கு முந்தின நிலைக்குத் திரும்பிவிடும். கமிட் போட்ட பிறகுதான் புல் என்பதை மட்டும் கட்டாயமாக்குங்கள், போடாத வேலை இருக்கும்போது அபார்ட்டை நம்ப முடியாது.

பிராஞ்ச்சை அதற்கப்புறம் ஒரு நாள் வைத்துக்கொள்ளலாம், அப்போது ஏன் வேண்டும் என்று அவர்களே கேட்பார்கள். ஒன்பது ஆகிவிட்டதால் ஸ்விட்ச் எட்டு போர்ட் எடுக்காதீர்கள், பதினாறாக வாங்குங்கள். லேப்டாப்காரர்களுக்கும் இடம் வேண்டும்.