லேட்டன்சிக்குத் தமிழ்: சுணக்கமா, பிந்தலா? (மடலாடல்)

கிருஷ்ணகிரியிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். வார இறுதி ஒலிப்பதிவு வகுப்புக்குத் தமிழில் பாடக்குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன், திங்கட்கிழமை அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும். வருகிற பிள்ளைகள் பெரும்பாலும் திருவிழாக் கச்சேரியிலும் சர்ச்சிலும் கீபோர்டு வாசிப்பவர்கள். மிடி கீபோர்டை (வாசிக்கும் சுரங்களைக் கணினிக்குச் செய்தியாக அனுப்புவது) லேப்டாப்பில் செருகி மென்பொருள் பியானோவை வாசித்தால், கட்டையில் விரல் விழுந்து சற்றுப் பொறுத்துத்தான் சத்தம் வருகிறது. இந்த லேட்டன்சிக்குத் 'தாமதம்' என்று எழுதினேன். நாலாம் பக்கத்தில் டிலே எஃபெக்ட் (ஒலியைச் சற்றுப் பொறுத்துத் திரும்பக் கேட்கவைப்பது) வருகிறது, அதையும் எல்லோரும் தாமதம் என்றுதான் சொல்கிறார்கள். "தாமதத்தைக் குறை" என்று எழுதினால் பிள்ளை எந்தக் குமிழைத் திருகுவான்? ஜிட்டருக்கும் ஒரு சொல் வேண்டும், அது தனிக் கோளாறு: பிந்தும் அளவு அடிக்கு அடி மாறுவது.

தருமபுரியிலிருந்து:

ஐயா, தாமதத்தை எந்தப் பக்கத்திலும் விடாதீர்கள். அது தாமஸம் என்ற வடசொல்லின் வழி வந்தது. வள்ளுவர் கொடுத்த சொல் இருக்கிறதே: "அத்துணிவு தாழ்ச்சியுள் தங்குதல் தீது" (குறள் 671). தாழ்ச்சி என்றால் காலம் நீட்டித்தல். 605-ஆம் குறளில் 'நெடுநீர்' என்கிறார், அதுவும் இதே பொருள்தான். லேட்டன்சிக்கு 'ஒலித்தாழ்ச்சி' என்று வையுங்கள், டிலே எஃபெக்டுக்கு எதிரொலி போதும்.

ஓசூரிலிருந்து:

அண்ணா, ஒலித்தாழ்ச்சி என்றால் என் பையன்கள் வால்யூம் குறைந்துவிட்டது என்று ஃபேடரைத் தூக்குவார்கள். இங்கே வகுப்பில் பாதிப் பேருக்கு வீட்டுமொழி தெலுங்கு அல்லது கன்னடம். மென்பொருளின் திரையில் லேட்டன்சி என்றுதான் இருக்கிறது, வாயிலும் அதுதான் வருகிறது. அதை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதிவிட்டு, எப்படிக் குறைப்பது என்பதற்கு இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். சொல்லுக்கு இவ்வளவு நேரம் கொடுத்தால் பாடம் எப்போது முடிவது?

அரூரிலிருந்து:

தம்பி, சொல் விளங்கினால்தான் பாடம் நிற்கும். லேட்டன்சியின் லத்தீன் வேருக்குப் பொருள் ஒளிந்திருத்தல். அமுக்கிய சுரம் கணினிக்குள் போய்விட்டது, ஆனால் காதுக்குத் தெரியவில்லை, உள்ளே உறைகிறது. தொல்காப்பியத்தில் உள்ளுறை உவமம் படித்த தமிழனுக்கு 'உள்ளுறை நேரம்' அந்நியமாகாது. இன்னொன்று, 'மில்லிநொடி' என்று எழுதுமுன் யோசியுங்கள். "கண்ணிமை நொடியென அவ்வே மாத்திரை" என்பதில் நொடி என்பது விரலைச் சொடுக்கும் கால அளவு, செகண்டு அல்ல. விநாடியும் சரிப்படாது, 60 விநாடி ஒரு நாழிகை என்றால் ஒரு விநாடிக்கு 24 செகண்டு வந்துவிடும். மாத்திரைக் கணக்கே பொருத்தம் என்பேன், மகரக்குறுக்கத்துக்குக் கால் மாத்திரை என்று அளந்து வைத்த மொழி இது.

பென்னாகரத்திலிருந்து:

அம்மா, கால் மாத்திரைகூட இங்கே மிக அதிகம். கணக்கைப் பார்ப்போம். ஒலி அட்டை நொடிக்கு 48,000 சாம்பிளில் (ஒலியின் நுண்ணிய அளவீடுகளில்) ஓடுகிறது, அவற்றைச் சேர்த்துவைக்கும் பஃபரை 512 சாம்பிள் என்று வைத்தால் அது ஒன்றே 10.7 மில்லிநொடி. 128 ஆக்கினால் 2.7. 1983-இல் வந்த மிடியின் ஐந்துமுனைக் கம்பி நொடிக்கு 31,250 பிட் கடத்தும், ஒரு சுரத்தின் செய்தி ஏறக்குறைய ஒரு மில்லிநொடியில் போய்விடும், ஆகவே குற்றவாளி கம்பி இல்லை. நான் கூத்துக்குப் பம்பை வாசிப்பவன். பத்து மில்லிநொடியில் சத்தம் காற்றில் மூன்றரை மீட்டர் வரும், அவ்வளவு தூரம் தள்ளி நிற்கிற ஆளோடு சேர்ந்து வாசிப்பது எங்களுக்குப் பழக்கம். ஒரே அளவில் பிந்தினால் கை தானாக முந்திப் போய்ச் சமாளித்துக்கொள்ளும். ஒரு அடி 5, அடுத்த அடி 20 மில்லிநொடி என்று மாறி மாறி வந்தால்தான் தாளம் தவறும். சுரம் வந்த நேரக்குறி பாராமல் ஒவ்வொரு பஃபரின் தொடக்கத்திலும் சுரத்தை வைக்கிற கருவி என்றால், பஃபர் பெரிதாகப் பெரிதாக இந்த ஆட்டமும் பெரிதாகும். முதலாவது 'பிந்தல்', இரண்டாவது 'பிந்தல் நடுக்கம்'. எவனுக்கும் உரை எழுத வேண்டியதில்லை.

பாலக்கோட்டிலிருந்து:

'சுணக்கம்' என்று ஒரு சொல் இருப்பதை எல்லோரும் மறந்துவிட்டீர்களா? சாலைப் பணியில் சுணக்கம் என்று செய்தித்தாளில் நாள்தோறும் படிக்கிறோம். சங்கப் பாட்டில் பெண்ணின் மேனியில் படரும் சுணங்குக்கும் இதற்கும் ஒரே வேர் என்பது என் எண்ணம், வாட்டம், தளர்ச்சி, அதிலிருந்து காலம் தள்ளிப்போதல். பஃபருக்கும் சொல்லிவிடுகிறேன்: 'தாங்கல்'. நம் வடபக்கத்துச் சிற்றேரிக்குப் பெயர். ஏரி நிரம்பிய பிறகு மதகைத் திறக்கிற மாதிரி, சாம்பிள்கள் நிரம்பிய பிறகுதான் ஒலி வெளியே வருகிறது.

தருமபுரியிலிருந்து:

தாங்கல் அருமை, அதை ஏற்கிறேன். சுணங்கு என்பது தேமல், அதைச் சுணக்கத்தோடு முடிச்சுப் போட இலக்கியச் சான்று காட்டுங்கள். சுணக்கம் என்றால் யாரோ வேலையைச் செய்யாமல் கிடக்கிறார்கள் என்று பொருள். கணினி அங்கே சோம்பிக் கிடக்கவில்லை, மூச்சுவிடாமல் வேலை செய்கிறது. வேலை அதிகமாகும்போது பஃபரைச் சிறிதாக்கினால் ஒலி வெடித்து வெடித்து வருவதும் அதனால்தான்.

ஓசூரிலிருந்து:

பஃபரை 'இடையகம்' என்று ஏற்கனவே எழுதுகிறார்கள், அதற்கும் புதுச்சொல்லா? சரி, சொல் எதுவானாலும் இவற்றை எழுதுங்கள். பதியும்போது பஃபர் 128, கலவை செய்யும்போது 1024. விண்டோஸில் ஏஸியோ டிரைவர் (ஒலி அட்டையோடு நேரடியாகப் பேசும் மென்பொருள்). மாஸ்டர் தடத்தில் முன்னோக்கிப் பார்க்கும் லிமிட்டர் (சத்தம் எல்லை மீறாமல் அடக்குவது) இருந்தால் பதிந்து முடிக்கும்வரை அணைத்து வையுங்கள், அது எல்லாத் தடத்தையும் பிந்தவைக்கும். புளூடூத் ஹெட்போன் கூடவே கூடாது, பல வகைகளில் 100 மில்லிநொடிக்கு மேல் போகும். ஒலி அட்டையில் உள்ள நேரடிக் கேட்பு வசதி (பாடுவதைக் கணினி வழி போகாமலே காதில் தருவது) பாடகருக்கு உதவும், மென்பொருள் பியானோவுக்கு உதவாது, அதன் சத்தமே கணினிக்குள்தான் பிறக்கிறது. பதிந்து வைத்த வயலின் ஒலி மெல்ல எழும்புவதையும் லேட்டன்சி என்று நினைத்துப் பஃபரைக் குடைகிறார்கள், அதையும் பிரித்துச் சொல்லுங்கள்.

கிருஷ்ணகிரியிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. தனிமடல்களையும் சேர்த்துப் பார்த்தால் சுணக்கத்துக்குத்தான் ஆள் அதிகம். அச்சில் 'சுணக்கம்' போடுகிறேன், முதல் முறை வரும் இடத்தில் லேட்டன்சி என்பதையும் அருகில் எழுதுகிறேன். ஜிட்டருக்கு 'நடுக்கம்'. பஃபர் இந்தப் பதிப்பில் பஃபராகவே இருக்கட்டும், தாங்கலை அடுத்த பதிப்பில் பார்ப்போம்.

பென்னாகரத்திலிருந்து:

சுணக்கம் என்று வாசிக்கிற பிள்ளை தன் கைதான் சுணங்குகிறது என்று நினைத்துக்கொள்வான், இந்தக் கவலை எனக்குத் தீரவில்லை. எங்கள் பக்கம் பிள்ளைகளுக்குப் பிந்தல் என்றே சொல்லித்தருவேன்.

அரூரிலிருந்து:

நொடி பற்றி ஒருவரும் பதில் சொல்லவில்லை.