கலைச்சொல் உதவி: சைக்கிள் மலையேற்றத்தில் ‘பேசிங்’

அனைவருக்கும் வணக்கம்.
சைக்கிளில் மலையேறும் பயிற்சி பற்றிய கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். நீண்ட ஏற்றத்தில் தொடக்கத்திலேயே காலைத் தீர்த்துவிடாமல், உச்சிவரை தாங்கும்படி உழைப்பை அளந்து செலவிடுவதைப் ‘பேசிங்’ என்கிறார்கள். அப்படியே எழுதினால், பேசிக்கொண்டே ஓட்டுவது என்று படிக்கிறார்கள். ‘வேகப்பங்கீடு’ சரிவருமா?

* * *

> ‘வேகப்பங்கீடு’ சரிவருமா?

வராது அக்கா. மலையில் வேகத்தைப் பங்கிட்டால் கெட்டோம். ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ, ஏற்றம் 8 விழுக்காடு, வேகம் மணிக்கு 10 கி.மீ. என்று வையுங்கள். புவியீர்ப்பை வெல்லவே ஏறத்தாழ 175 வாட் வேண்டும். ஏற்றம் 10 விழுக்காடானால் அதே 175 வாட்டுக்கு வேகம் 8 கி.மீ.தான். நிலையாக இருக்க வேண்டியது திறன், அதாவது வாட்டில் அளக்கும் ‘பவர்’. வேகம் பாதை சொல்கிறபடி ஏறி இறங்கட்டும். ‘திறன்பங்கீடு’ என்று போடுங்கள்.

* * *

திறன் என்றால் வாசகர் கைத்திறன் என்று எடுத்துக்கொள்வார். நமக்குச் சொல் ஏற்கெனவே இருக்கிறது. ‘உடைத்தம் வலியறியார் ஊக்கத்தின் ஊக்கி இடைக்கண் முரிந்தார் பலர்’ (குறள் 473). தன் வலிமை அறியாமல் ஊக்கத்தால் மட்டும் தொடங்கி நடுவழியில் முறிந்தவர் பலர் என்கிறார். உங்கள் கையேட்டின் அத்தியாயம் முழுவதும் இந்த ஏழு சீரில் அடங்கும். ஆகவே ‘வலியளவு’.

* * *

ஐயா, குறள் அப்படியே பொருந்துகிறது. பிரான்சில் சைக்கிள் பந்தயங்களுக்குப் பேர்போன அல்ப் துவெஸ் மலைப்பாதையை எடுங்கள்: ஏற்றம் 13.8 கி.மீ., 21 வளைவுகள். தொடக்கத்து இரண்டு கி.மீ.தான் மிகக் கடுமை, 10 விழுக்காட்டை ஒட்டி இருக்கும். கால் புதிதாக இருக்கும் நேரத்தில் அங்கே எழுந்து நின்று மிதித்தவர், பாதியில் கைப்பிடி இடமும் வலமும் ஆட, மூக்கு நுனியிலிருந்து வியர்வை சட்டத்தில் சொட்ட, மிதிக்க எளிதான பல் சக்கரம் (கியர்) இன்னும் ஒன்று மிச்சமிருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். கீழே அவர் முந்திவந்த ஆள் உட்கார்ந்தபடியே கடந்துபோவார்.

ஆனால் ‘வலி’ இன்று நோவுதான். புதிதாகச் சேர்ந்தவரிடம் ‘வலியளவோடு ஏறு’ என்றால், எவ்வளவு வலித்தால் நிறுத்துவது என்று கேட்பார். பயிற்சியில் அந்தக் குழப்பம் ஆபத்து.

* * *

ஈழத்தில் நாங்கள் சைக்கிளை மிதிப்பதில்லை, உழக்குகிறோம். உழக்கு ஓர் அளவையும்தானே! இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. மிதிப்பதும் அளப்பதும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. ‘உழக்களவு’ என்று சொல்லிப் பாருங்கள். இதைவிடப் பொருத்தமாக எந்த மொழியிலும் அமையாது.

* * *

ஒலி ஒத்தால் வேர் ஒன்றாகிவிடாது. உழக்குதல் கலக்குதல், மிதித்துத் துவைத்தல். அளவைப் பெயர் வேறு. அப்புறம், ஆழாக்கு, உழக்கு, உரி, நாழி எல்லாம் முகத்தலளவை. ஏற்றமோ நீட்டலளவைக்கு உரியது.

* * *

செலவிடுவது நீளத்தை அல்லவே ஐயா! உடம்பில் இருப்பை முகந்து முகந்துதானே ஊற்றுகிறோம்?

* * *

நடுவே ஒரு யோசனை: ‘ஆற்றல்’. மொத்த ஏற்றத்துக்கும் பங்கிடுவது ஆற்றலைத்தான், அதனால் இயற்பியலும் இடிக்காது.

* * *

அப்படியானால் ‘ஆற்றற்பங்கீடு’ என்று எழுத வேண்டும். லகர மெய்க்குப் பின் பகரம் வந்தால் றகரமாகத் திரியும். விதியை விட்டுக்கொடுக்க வேண்டாம்.

* * *

மூச்சிரைக்க ஏறுகிறவர் வாயில் ‘ஆற்றற்பங்கீடு’ நுழையாது. இரண்டு சொல்லாகப் பிரித்தே எழுதுவோம்.

* * *

எல்லோருக்கும் நன்றி. இதுவரை ஐந்து பேர் ‘ஆற்றல் பங்கீடு’ என்கிறார்கள். இடைவெளி விட்டே எழுதி அனுப்புகிறேன். முதல் இடத்தில் மட்டும் ‘உச்சிவரை தாங்கும்படி அளந்து மிதித்தல்’ என்று விளக்கம் சேர்க்கிறேன். குறளை அத்தியாயத்தின் தலைப்பில் போட்டுவிட்டேன் ஐயா.

* * *

> அளந்து மிதித்தல்

அக்கா, ‘அளந்து உழக்குதல்’ என்று அந்த ஓர் இடத்திலாவது மாற்றுங்கள். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது.