ஷிரோனின் 490: சாதனையா, ஒருவழிப் பாதையா?

தேரோட்டி:
நம் மன்றத்தின் "உலகிலேயே வேகமான கார் எது" பட்டியலில் மறுபடியும் புகாட்டி ஷிரோனைத் தூக்கி முதலிடத்தில் வைத்திருக்கிறார்கள். 2019 ஆகஸ்ட் 2, ஜெர்மனியின் ஏரா-லெசீன் சோதனைத் தடம், ஓட்டியவர் ஆண்டி வாலஸ், வேகம் மணிக்கு 490.484 கி.மீ. எண் பொய் என்று நான் சொல்லவில்லை. ஜெர்மானியத் தரச்சோதனை அமைப்பான டூஃப் சரிபார்த்தது. ஆனால் அது ஒரே திசையில் எடுத்த உச்சம். சாதனை என்றால் ஒரு மணி நேரத்துக்குள் போய்த் திரும்பி, இரண்டின் சராசரியைக் காட்ட வேண்டும். 2017 நவம்பர் 4 அன்று நெவாடாவில் கோனிக்செக் அகேரா ஆர்எஸ் அப்படித்தான் ஓடியது. ஒரு பக்கம் 457.94, மறுபக்கம் 436.44, சராசரி 447.19. அவர்களும் நல்ல பக்கத்தை மட்டும் காட்டியிருந்தால் கூடுதலாகப் பத்துப் பதினொன்று கிடைத்திருக்கும். புகாட்டிக்கு மட்டும் ஏன் தனிச் சட்டம்?

நாலு டர்போ:
தனிச் சட்டம் எல்லாம் இல்லை பாஸ். அந்தத் தடத்துல வண்டி ஒரே பக்கமாத்தான் ஓடும். வருஷக்கணக்கா ஒரே திசையில டயர் தேய்ச்சு, தார்ப்பரப்புல இருக்குற கல்லெல்லாம் அந்தப் பக்கமா மழுங்கிக் கிடக்கு. எதிர்ப்பக்கம் ஓட்டினா அரத்துல இழுத்த மாதிரி ரப்பர் தேயும், சூடேறும். புகாட்டி சொன்ன காரணமும் இதுதான். பொதுவா தடுப்புத் தகட்டையும் ஓடுற திசையைப் பாத்துத்தான் ஒண்ணு மேல ஒண்ணு ஏத்திப் பூட்டுவாங்க. எதிர்த்திசையில உரசினா தகட்டு விளிம்பு கத்தி மாதிரி நிக்கும்.

டயரை விட்டுட்டு இந்த எண்ணைப் பேச முடியாது. ஷிரோனோட பின் டயர் 355/25 ஆர்21. விட்டம் ஏறக்குறைய 71 செ.மீ., சுற்றளவு 2.23 மீட்டர். 490-ல வண்டி நொடிக்கு 136 மீட்டர் போகுது. அப்போ சக்கரம் நொடிக்கு 61 சுற்று, நிமிஷத்துக்கு 3,660. வெளிவிளிம்புல புவியீர்ப்பைப் போல 5,300 மடங்கு இழுப்பு. அங்க இருக்குற ஒரு கிராம் ரப்பர் 5.3 கிலோ கணக்கா பிய்ச்சுக்கிட்டுப் போகப் பாக்கும். ரிம்முக்குள்ள உக்காந்திருக்குற காற்றழுத்த சென்சார் 30 கிராம்னு வெச்சுக்கிட்டாலும் 100 கிலோவைத் தாண்டிடும்.

இதுக்காகவே மிஷெலின் டயரோட உள்பட்டையை வலுவாக்கி, அமெரிக்காவுல விண்வெளி ஓடத்துக்காகக் கட்டின சோதனை எந்திரத்துல 511 கி.மீ. வரைக்கும் சுத்திப் பாத்தாங்க. மாட்டுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு டயருக்கும் எக்ஸ்ரே. உள்ள இருக்குற இரும்பு இழை ஒண்ணோட ஒண்ணு உரசக் கூடாது. உரசினா அந்த ஒரு இடம் மட்டும் சூடேறி அடுக்கு பிரிய ஆரம்பிக்கும். அப்புறம் அது டயர் இல்லை, வெடிகுண்டு. இந்த நிலைமையில "திரும்பி இன்னொரு தடவை ஓட்டிக் காட்டு"ன்னு சொல்றது சுலபம்.

தேரோட்டி:
டயர் கணக்கு அருமை, மறுப்பே இல்லை. ஆனால் தடத்தைப் பற்றிச் சொன்னது நிற்காது. 2010 ஜூன் 26, அதே ஏரா-லெசீன், அதே புகாட்டி, வேரோன் சூப்பர் ஸ்போர்ட். ஒரு பக்கம் 427.933, மறுபக்கம் 434.211, சராசரி 431.072. கின்னஸ் ஏற்ற எண்ணே அதுதான். ஒன்பது வருடத்தில் கல்லெல்லாம் புரண்டு படுத்துக்கொண்டதா?

நாலு டர்போ:
சரி, 2010 விஷயத்துல மாட்டிக்கிட்டேன். தடத்துல எதிர்ப்பக்கம் ஓடவே முடியாதுன்னு நான் சொன்னது தப்பு. "490-ல ஓட முடியாது"ன்னு மாத்திக்கிறேன். 431-லேர்ந்து 490 போனா டயர் மேல விழுற இழுப்பு வேகத்தோட இருமடியில ஏறும், அதாவது 30 சதவீதம் கூட. வாலஸ் 447-ல போகும்போது தார் மாறுற ஒரு மேட்டுல வண்டி துள்ளிச்சுன்னு அவரே சொல்லியிருக்கார். அந்த இடத்தை எதிர்ப்பக்கத்துலேர்ந்து 490 கிட்ட தாண்டச் சொல்ற தைரியம் எனக்கு இல்லை.

கணக்குப்பிள்ளை:
இரண்டு பேரும் கொஞ்சம் மூச்சு விடுங்கள். இருதிசைச் சராசரி எதற்கு என்பதை எண்ணில் பார்த்தால் சண்டை பாதி குறையும்.

உச்ச வேகத்தில் எஞ்சின் சக்தியில் பெரும்பங்கு காற்றைத் தள்ளுவதற்கே போகிறது. தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடியில் ஏறும். அதனால் பின்னாலிருந்து 15 கி.மீ. காற்று அடித்தால் உச்ச வேகம் ஏறக்குறைய 10 கி.மீ. கூடும், மூன்றில் இரண்டு பங்கு. எதிரே அடித்தால் அதே அளவு குறையும். சராசரி எடுத்தால் இரண்டும் அடிபட்டுப் போகும். சரிவும் அப்படித்தான். ஒன்றரை டன் வண்டிக்கு நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் இறக்கம் என்றால், 450 கி.மீ. வேகத்தில் 25 குதிரைத்திறன் இனாம். அகேராவின் இரு ஓட்டங்களுக்கும் நடுவே இருந்த 21.5 கி.மீ. வித்தியாசத்தை இந்த இரண்டுமே விளக்கிவிடும்.

இனி 490 நம்பத்தக்கதா என்று பார்ப்போம். வேரோன் சூப்பர் ஸ்போர்ட் 1,200 குதிரைத்திறனில் 431 போனது. அதே உடலமைப்போடு 490 போக 1,768 தேவை. ஷிரோனிடம் இருந்தது 1,600. பத்து சதவீதம் இடிக்கிறது. அந்தப் பத்தைத்தான் 25 செ.மீ. நீட்டிய வாலும் தாழ்த்திய உயரமும் ஈடுகட்டியிருக்க வேண்டும். நடக்கக்கூடியதே. பலத்த பின்காற்றைத் துணைக்கு அழைக்காமலே கணக்கு கூடி வருகிறது. என் முடிவு: எண் சரி, ஆனால் இருதிசைச் சராசரிப் பட்டியலில் அதற்கு இடம் கிடையாது.

நாலு டர்போ:
உயரத்தையும் சேருங்க. ஏரா-லெசீன் கடல் மட்டத்துலேர்ந்து வெறும் 50 மீட்டர். நெவாடாவுல 1,400 மீட்டர் உயரத்துல ஓட்டியிருந்தா இன்னும் 25 கி.மீ. கிடைச்சிருக்கும்னு புகாட்டியே சொல்லிச்சு. அகேராவுக்கு அந்தச் சலுகை கிடைச்சுதே?

கணக்குப்பிள்ளை:
பாதி சரி. 1,400 மீட்டரில் காற்றடர்த்தி 13 சதவீதம் குறையும், எனக்கும் 23 கி.மீ. வருகிறது. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ எஞ்சின் ஆதலால் மெல்லிய காற்றிலும் சக்தியைப் பெரும்பாலும் காப்பாற்றிக்கொள்ளும். ஆனால் அகேரா ஓடியது பரம்ப் ஊர்ச் சாலை, உயரம் 820 மீட்டர் அளவில்தான். அங்கே 8 சதவீதம் குறைவு. கடல் மட்டத்துக்கு மாற்றினால் 447 என்பது 435 பக்கம் வரும். சலுகை உண்டு, நீங்கள் சொல்லும் அளவுக்கு இல்லை.

ஓரமா நிக்கிறவன்:
நீங்க திசை, காற்று, கல்லுன்னு பேசுங்க. எனக்கு ஒரே கேள்வி. அந்த 490 போன வண்டியை யாராவது வாங்க முடியுமா? உள்ள பாதுகாப்புக் கூண்டு, பக்கத்து சீட்டு கழட்டப்பட்டது. அப்புறம் "சூப்பர் ஸ்போர்ட் 300+"னு பேர் வெச்சு 30 வண்டி, வரி இல்லாம 35 லட்சம் யூரோ. அதுல வேகத்தைக் கட்டிப்போடுற மின்னணுக் கடிவாளம் 440-ல! ஐம்பது கி.மீ. எங்க போச்சு? காசு கொடுத்தவனுக்குப் பேர்ல மட்டும் மணிக்கு 300 மைல், அதாவது 483 கி.மீ.

நாலு டர்போ:
கடிவாளம் ஏமாத்து வேலை இல்லை. சாதனை அன்னிக்கு மாட்டினது எக்ஸ்ரே எடுத்த புது டயர், காற்றழுத்தம் ஓட்டத்துக்கு முன்னாடி பாத்தது. வாங்கினவர் வண்டி ஷெட்டுல ரெண்டு வருஷம் நிக்கும். ரப்பர் இறுகும், நின்ன இடத்துல டயர் தட்டையாகும். எங்கேயோ நடைமேடைக் கல்லுல இடிச்சிருக்கும், வெளிய தெரியாது. காற்று கொஞ்சம் குறைஞ்சாலே பக்கச் சுவர் கூடுதலா மடங்கி சூடேறும். அந்த டயர்ல 490-க்கு யார் கையெழுத்துப் போடுவாங்க? பழைய வேரோனுக்கே முழு வேகத்துல டயர் 15 நிமிஷம்தான் தாங்கும்னு கணக்கு. நல்லவேளை 100 லிட்டர் பெட்ரோல் 12 நிமிஷத்துல தீந்துடும்.

தேரோட்டி:
கடிவாளம் பழைய வழக்கு. 2010 வேரோனையும் வாடிக்கையாளருக்கு 415-ல் கட்டித்தான் விற்றார்கள். அதைக் காட்டி 2013 ஏப்ரலில் கின்னஸ் சாதனையை நிறுத்தி வைத்தது. சில நாளில் "கடிவாளத்தைக் கழற்றுவதால் காரின் அடிப்படை வடிவமைப்பு மாறுவதில்லை" என்று திருப்பியும் கொடுத்தது. ஆனால் அப்போது கடிவாளம் இல்லாத ஐந்து வண்டிகளை உண்மையிலேயே விற்றார்கள். சாதனை எண்ணை வாங்கியவரும் தொட முடிந்தது. 2019-இல் அந்த நேர்மை குறைந்தது என்பதே என் குறை.

ஓரமா நிக்கிறவன்:
அப்படின்னா அமெரிக்காவோட எஸ்எஸ்சி டுவாடாரா கார்? 2020 அக்டோபர்ல இருதிசைச் சராசரி 508-னு அறிவிச்சாங்களே. உங்க விதிப்படி அது சுத்தமான சாதனை.

கணக்குப்பிள்ளை:
விதி சுத்தம், தரவு அசுத்தம். அவர்கள் ஓடியதும் அகேரா ஓடிய அதே பரம்ப் சாலை. இரண்டு வீடியோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே இரு அடையாளங்களுக்கு நடுவே எத்தனை நொடி என்று இணையத்தில் எண்ணினார்கள். திரையில் காட்டிய வேகத்துக்கும் தூரம் வகுத்தல் நேரத்துக்கும் பொருந்தவில்லை. 2021 ஜூலையில் கம்பெனியே 300 மைலைத் தொடவில்லை என்று ஒப்புக்கொண்டது. நடுவே 2021 ஜனவரியில் புளோரிடாவின் விண்வெளி ஓட ஓடுதளத்தில் மறுபடி ஓடி, இருதிசைச் சராசரி 455.3 எடுத்தார்கள். அதுவும் அகேராவைவிட அதிகம்தான். ஓட்டியவர் அந்த வண்டியை வாங்கியவரே என்பது எனக்குப் பிடித்த விவரம்.

நாலு டர்போ:
இப்போ சீனாக்காரனும் வந்தாச்சு. 2025 செப்டம்பர், யாங்வாங் யு9 எக்ஸ்ட்ரீம், ஜெர்மனியின் பாப்பன்பர்க் தடம், 496.22. நாலு மின்மோட்டார், மூவாயிரம் குதிரைத்திறனுக்குப் பக்கத்துல. அங்க நேர்ப்பாதை 4 கி.மீ.தான், ஏரா-லெசீன்ல 8.8 கி.மீ. அந்த வேகத்துல 4 கி.மீ. முழுசும் 29 நொடி. ஏரா-லெசீன்ல பாதி தூரத்துலயே வேகம் ஏத்துற அளவுக்கு சக்தி இருக்கு. ஆனா அதுவும் ஒரு திசைதான் தேரோட்டி. அதுக்கும் இதே சட்டம்தானே?

தேரோட்டி:
சந்தேகமே வேண்டாம். பட்டியலை இரண்டு பத்தியாகப் பிரிக்கச் சொல்லி நிர்வாகிக்கு எழுதிவிட்டேன். இருதிசைச் சராசரியில் டுவாடாரா 455.3, அகேரா 447.19, வேரோன் 431.072. ஒருதிசை உச்சத்தில் யு9 496.22, ஷிரோன் 490.484.

ஓரமா நிக்கிறவன்:
மூணாவது பத்தி ஒண்ணு போடுங்க. "வாங்கினவன் மிதிச்சா எவ்வளவு போகும்." ஷிரோனுக்கு நேரா 440-னு நானே எழுதித் தர்றேன்.