மிஷ்காலுக்குத் தமிழ் என்ன: விகுதியா, அச்சா, வார்ப்பா?

அன்புடையீர், வணக்கம்.

எபிரேயம், இத்திஷ் (கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசிவந்த ஜெர்மானிய மொழி) சொல்லாக்கப் பட்டியலில் எல்லாவற்றையும் ‘பின்னொட்டு’ என்று எழுதி வைத்திருக்கிறோம். அது சரிப்படாது. மூன்று வேறு வேலைகள் அங்கே ஒரே பெயரில் கிடக்கின்றன. அவற்றில் மூன்றாவதான மிஷ்காலுக்கு, அதாவது வேரின் மெய்யெழுத்துகள் போய் அமரும் சொற்சட்டத்துக்கு, தமிழ்ப்பெயர் தேட வேண்டும்.

ஈர் என்றால் நகரம். இயா சேர்ந்தால் இரியா, நகராட்சி. ஹஷ்மல் மின்சாரம்; ஹஷ்மலாய் மின்பணியாளர். இவற்றுக்கு நன்னூலின் ‘விகுதி’யே போதும். தொழிற்பெயர் விகுதி என்று நெடுங்காலமாகச் சொல்லிவரும் நமக்கு ‘பின்னொட்டு’ எதற்கு?

அடுத்தது பகுதி திரிவது. ஸெஃபெர் (புத்தகம்) + இயா = ஸிஃப்ரியா, நூலகம். விகுதியை வெட்டினால் மிஞ்சுவது ‘ஸிஃப்ர்’; அகராதியில் அப்படி ஒரு சொல் தனியாக இல்லை. ‘என் புத்தகம்’ என்னும் ஸிஃப்ரியிலும் இதே வடிவம்தான் வருகிறது. இத்திஷில் ஹுண்ட் (நாய்) குறுமை விகுதி ஏற்றதும் ஹிண்டில், இன்னும் செல்லமாக ஹிண்டெலே; உகரம் இகரமாகிவிடுகிறது. ‘வந்தான்’ என்பதில் வா குறுகி வ ஆவதை என்னவென்கிறோமோ அதுதான் இதுவும்: விகாரம். இதற்கும் புதுச்சொல் வேண்டாம்.

மூன்றாவதுதான் சிக்கல். கெலெவ் (நாய்) → கலெவெத், வெறிநாய்க்கடி நோய். ட்ஸஹோவ் (மஞ்சள்) → ட்ஸஹெவெத், மஞ்சள் காமாலை. அதோம் (சிவப்பு) → அதெமெத், ருபெல்லா. நோய்ப்பொருளைத் தருவது ‘எத்’ என்று எழுதினால் படிப்பவர் ‘கெலெவெத்’ என்று ஒட்டிப் பார்ப்பார், தவறு. ‘எத்’ தனியாகப் பெண்பால் விகுதியாகவும் வரும். இங்கே பொருள் அ–எ–எத் என்ற முழுச் சட்டத்தில் இருக்கிறது. மூன்று வேர்மெய்கள் (சொல்லின் வேராக நிற்கும் மெய்யெழுத்துகள்) அதற்குள் போய் உட்காருகின்றன. இதை எபிரேயர் மிஷ்கால் என்பார்கள். என் பரிந்துரை: வார்ப்பு.

---

> என் பரிந்துரை: வார்ப்பு.

‘வேர்மெய்’ அழகாக இருக்கிறது, அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் வார்ப்பைவிட ‘அச்சு’ எளிது அல்லவா? மிஷ்காலின் நேர்ப்பொருள் எடை. இதே சட்டத்தைக் குறிக்கும் அரபு இலக்கணச் சொல்லான வஸ்னுக்கும் அதே பொருள்தான். ‘எடை’யும் ஒரு வழி. இன்னொன்று: ரக்தான் (நடனமாடுபவர்) எதில் சேரும்? ‘ஆன்’ விகுதி என்றுதானே எல்லாரும் எழுதுகிறார்கள்?

---

ஐயா, ‘எடை’ என்று போட்டால் அசை எடை, மாத்திரைக் கணக்கு என்று படிப்பார்கள். ‘அச்சு’ ஏற்கெனவே அச்சகம், சக்கரம், கணித வரைபடம் மூன்றுக்கும் உழைக்கிறது. மேலும் அச்சு இறுகியது. இது தொண்டை ஒலி வந்தால் நெகிழும். இன்ஃபுளுவென்சாவுக்கான ஷபஅத் அதே நோய் வார்ப்புதான். கடைசி வேர்மெய் அயின் என்னும் தொண்டை ஒலி என்பதால் எ–எத், அ–அத் ஆகிவிட்டது.

ரக்தான் நல்ல கேள்வி. ‘ஆன்’ இரண்டு பக்கமும் நிற்கிறது. ப்ஸந்தெர் (பியானோ) → ப்ஸந்த்ரான், பியானோ வாசிப்பவர்: முழுப்பெயரோடு ஒட்டியது, நடுவே ஓர் எகரம் கெட்டது, விகுதி, விகாரம். ரக்தானில் ‘ரக்த்’ என்ற பெயர் கிடையாது, ர–க–த என்னும் வேர்மெய்கள் மட்டுமே, வார்ப்பு. ஆக, பதிவில் ‘ஆன்’ இரு வரியாக வரட்டும்.

நிக் வேறு கதை. ஸ்லாவிய விகுதி, இத்திஷ் வழியாக எபிரேயத்துக்கு வந்தது: கிபுட்ஸ்நிக் (கிபுட்ஸ் என்னும் கூட்டுப்பண்ணையில் வாழ்பவர்). ரக்தானிம் என்று பன்மையாகும்போது அழுத்தம் கடைசி அசைக்கு ஓடும். கிபுட்ஸ்நிக்கிம் என்னும்போது ‘புட்ஸ்’ இடத்திலேயே நிற்கும். எதிர்த்திசையிலும் நடக்கிறது: ஜெர்மானிய மூலமுள்ள பொயெர் (உழவர்) இத்திஷில் எபிரேயப் பன்மை விகுதியான ‘இம்’ ஏற்றுப் பொயெரிம் ஆகிறது. இவற்றுக்கு ‘இரவல் விகுதி’ என்று குறித்து, அழுத்தம் விழும் அசையைத் தடித்த எழுத்தில் காட்டிவிடலாம். யாருக்காவது மறுப்பு உண்டா?