ஐப்பசிப் பாசறை: கம்புக் கட்டுக்கு எந்தக் கயிறு?

திருமலைச் சாரணன்: வணக்கம். ஐப்பசியில் சனி, ஞாயிறு 18 பொடியன்களோடு நிலாவெளிக் கடற்கரைப் பக்கம் பாசறை போடுகிறோம். வாசல், பாத்திரம் கழுவும் தட்டு, சின்னக் காவல் கோபுரம் எல்லாம் அவர்களே கட்டுவார்கள். போன முறை நைலோன் கயிற்றால் கட்டிய வாசல் இரவு மழையோடு சரிந்துவிட்டது. கட்டிய சின்னவனின் வாடிய முகம் இன்னும் மனதில் நிற்கிறது. என்ன செய்யலாம்?

உப்புவெளி அண்ணா: தம்பி, நைலோன் வழுக்கும், இழுபடும். தும்புக்கயிறு எடுங்கள், கம்பைக் கவ்விப் பிடிக்கும். இரண்டு கம்பைக் குறுக்காக வைத்துக் கட்டும் சதுரக் கட்டுக்கு 3 சுற்றுப் போட்டு, அப்புறம் இரண்டு கம்புக்கும் இடையில் 2 சுற்று இறுக்க வேண்டும். அந்த இடைச்சுற்றில்தான் பொடியன்கள் கை தளர்ந்துவிடுவார்கள். கயிற்று முனையை ஒரு சின்னத் தடியில் சுற்றி, காலை ஊன்றி இழுக்கச் சொல்லுங்கள். 'கிறீச்' என்று சத்தம் வந்தால் சரி.

சாம்பல்தீவு: மணலில் முளை நிற்காது அண்ணா. உரப்பையில் மணல் நிரப்பி, வாசலும் கோபுரமும் சரியாமல் பிடிக்கும் இழுகயிற்றை அதில் கட்டி ஆழமாகப் புதையுங்கள். ஐப்பசியில் பின்னேரம் இடி வரும். முழக்கம் கேட்டதும் கோபுரத்தில் ஒருவரும் இருக்கக்கூடாது, பனைக்குக் கீழேயும் ஒதுங்கக்கூடாது. பக்கத்தில் கல்வீடு ஒன்றை முதலே பேசி வையுங்கள்.

திருமலைச் சாரணன்: மிக்க நன்றி. தும்புக்கயிறு நாளைக்கே வாங்குகிறேன். வாசலை இந்த முறையும் அந்தச் சின்னவனிடமே கொடுக்கப் போகிறேன்.