எலைசாவில் 3% பாசிட்டிவ்: பரவலும் 3% தானா?

கேள்வி:
ஒரு வைரஸ் தொற்று எவ்வளவு பரவியிருக்கிறது என்று பார்க்க 30 கொத்துகளில் (ஊர், தெரு போன்ற குழுக்கள்), கொத்துக்கு 40 பேர் வீதம் 1,200 பேரிடம் ரத்தம் எடுத்து ஐஜிஜி எலைசா (தொற்றுக்குப் பின் உண்டாகும் ஆன்டிபாடியைத் தேடும் சோதனை) போட்டாயிற்று. 36 பேருக்குப் பாசிட்டிவ். கிட்டின் கையேட்டில் சென்சிட்டிவிட்டி (தொற்றியவர்களைப் பாசிட்டிவ் என்று பிடிப்பது) 90%, ஸ்பெசிஃபிசிட்டி (தொற்றாதவர்களை நெகட்டிவ் என்று சொல்வது) 98% என்று இருக்கிறது. அறிக்கையில் 3% என்றே போடலாமா?

பதில் 1:
கூடாது. ஸ்பெசிஃபிசிட்டி 98% என்றால், 1,200 பேரில் ஒருவருக்குக்கூடத் தொற்று வராமல் இருந்தாலும் 24 பொய் பாசிட்டிவ் வரும். உங்கள் 36-இல் பெரும்பகுதி அதுவாக இருக்கலாம். கிட்டின் பிழைகளைக் கணக்கில் எடுத்து உண்மைப் பரவலை மதிப்பிடும் ரோகன்–கிளாடன் திருத்தம் போடுங்கள்:

(0.03 + 0.98 − 1) ÷ (0.90 + 0.98 − 1) = 0.01 ÷ 0.88, அதாவது சுமார் 1.1%.

பதில் 2:
கணக்கு சரி, ஆனால் அந்த 98 எங்கிருந்து வந்தது? தொற்று வருவதற்கு முந்தைய 400 பழைய மாதிரிகளில் 8 தவறாகப் பாசிட்டிவ் ஆனதை வைத்துச் சொல்லியிருந்தால், 95% நம்பக இடைவெளி (உண்மை எண் இருக்கக்கூடிய வரம்பு) ஏறக்குறைய 96 முதல் 99 வரை போகும். 99 என்று வைத்தால் உங்கள் விடை 2.2%, 97 என்று வைத்தால் பூஜ்யம்! சென்சிட்டிவிட்டியை 80-க்கு இறக்கினாலும் 1.3% தான். பரவல் குறைவாக இருக்கும்போது ஆட்டத்தை முடிவு செய்வது ஸ்பெசிஃபிசிட்டிதான். தொற்று வருவதற்கு முன்பே அதே மக்களிடம் எடுத்து உறைநிலையில் வைத்த சீரம் கிடைத்தால், அதில் கிட்டை நீங்களே சோதியுங்கள். டெங்கு, ஜிகா போன்ற உறவுக்கார வைரஸ்கள் புழங்கும் இடத்தில் குறுக்கு வினையால் (ஒரு வைரஸின் ஆன்டிபாடி இன்னொன்றின் சோதனையிலும் ஒட்டுவதால்) கையேட்டு எண் சுத்தமாக எடுபடாது.

பாசிட்டிவ் வந்தவற்றை வேறொரு ஆன்டிஜென் (ஆன்டிபாடி ஒட்டும் வைரஸ் புரதம்) உள்ள இரண்டாவது கிட்டில் போடுவது நல்ல வழி. பொய் பாசிட்டிவ் குறையும், கூடவே மொத்த சென்சிட்டிவிட்டியும் குறையும். திருத்தத்தில் அதையும் சேர்க்க வேண்டும்.

கேட்டவர்:
சென்சிட்டிவிட்டியை மருத்துவமனையில் சேர்ந்தவர்களின் சீரத்தில் பார்த்திருக்கிறார்கள். அது பரவாயில்லையா? தடுப்பூசி போட்டவர்களும் மாதிரியில் இருக்கிறார்கள்.

பதில் 3:
பரவாயில்லை என்று விட முடியாது. நோய் முற்றியவர்களிடம் பொதுவாக ஆன்டிபாடி அளவு அதிகம். லேசாக வந்து போனவர்களிடம் அதே கிட் தடுமாறும். தொற்றி இரண்டு, மூன்று வாரம் ஆகாதவர்கள் விட்டுப்போவார்கள். மாதங்கள் ஆனவர்களிடம் அளவு இறங்கி, பாசிட்டிவ் என்று சொல்லும் எல்லையான கட்-ஆஃபுக்குக் கீழே போயிருக்கலாம்.

தடுப்பூசி விஷயத்தில் எந்தப் புரதம் என்று பாருங்கள். கோவிட்டில் ஸ்பைக் புரதம் மட்டும் உள்ள தடுப்பூசி, வைரஸின் இன்னொரு புரதமான நியூக்ளியோகேப்சிட்டுக்கு ஆன்டிபாடியை உண்டாக்காது, ஆகவே அந்த ஆன்டிபாடியை அளந்தால் தொற்றைத் தனியே பிரிக்கலாம். முழு வைரஸைச் செயலிழக்கச் செய்த தடுப்பூசி என்றால் இந்த வழி அடைபட்டது.

கொத்து விளைவையும் மறக்காதீர்கள். கொத்துக்குள் ஒட்டுறவு (ஒரே கொத்தில் உள்ளவர்கள் ஒருவரையொருவர் ஒத்திருக்கும் அளவு) 0.02 என்று வைத்தாலே 1 + 39 × 0.02 = 1.78. இதால் வகுத்தால் உங்கள் 1,200 பேர் கிட்டத்தட்ட 674 பேருக்குச் சமம்; இடைவெளி அதற்கேற்ப அகலும்.

பதில் 2:
இன்னொன்று. 40 மாதிரியை இரட்டையாகப் போட்டால் 80 குழி. ஒப்பீட்டுக்கான கன்ட்ரோலோடு 96 குழித் தட்டில் கச்சிதமாக அடங்கும். அதனாலேயே ஒரு கொத்துக்கு ஒரு தட்டு என்று போட்டிருந்தால் சிக்கல். ஒரு தட்டைச் சரியாகக் கழுவாமல் பின்னணி நிறம் ஏறினால், அந்தக் கொத்தில் தொற்று குவிந்ததுபோலவே தெரியும். ஓரக் குழிகள் காய்வதும் அப்படித்தான் ஏமாற்றும். பாசிட்டிவ், நெகட்டிவ் என்று மட்டும் குறித்து வைக்காமல், ஓடி (OD, நிற அடர்த்தி) மதிப்பையும் தட்டு எண்ணையும் எடுத்து 36-ம் எந்தெந்தத் தட்டில் விழுந்திருக்கின்றன என்று முதலில் பாருங்கள்.